கப்பற்படைத் தாத்தாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

தாத்தா இறந்த அன்று தெருமுனையில் வைத்த ஃப்ளெக்ஸில் ஒரு பெரிய போர்க்கப்பல் இருந்தது. அமெரிக்கக் கப்பல். கொடி தெளிவாகவே தெரிந்தது. ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி 'நேவி' என்று தேடி, முதலில் வந்த படத்தை எடுத்துப் போட்டுவிட்டான். அதற்குக் கீழே 'முன்னாள் இராணுவ வீரர்'. அதற்கும் கீழே வயது 89. மூன்றுமே தப்பு.

வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. எனக்குத்தான் வெட்கம். ஏனென்றால் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள் பத்திரிகை, முதலாம் ஆண்டு நினைவு மலர் என்று மாதத்துக்குப் பத்துப் பதினைந்து என் கையால் போகும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும், இன்னொரு வீட்டுக்கு ஆகிவிடும். சொந்தத் தாத்தாவுக்கும் அப்படி ஒன்றை அடித்துவிடக் கூடாது என்று, முதலாண்டு திதிக்குள் 24 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டோம். அதைச் செய்தபோது எது பலித்தது, எது சொதப்பியது என்பதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் தாத்தா தரைப்படையாக இருந்தாலும் ரயில்வேயாக இருந்தாலும் பாதி வழி இதேதான்.

ஆள் இருக்கும்போது

தாத்தா கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்துக்காரர். மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஒட்டும் வேலை. 1953-இல் கப்பற்படையில் சேரும்வரை கடலைப் பார்த்ததில்லை. கப்பலிலும் அதிகம் பார்க்கவில்லை என்பார். கொதிகலன் அறையில் வேலை. ஸ்டோக்கர் என்று பெயர். கடல் தலைக்கு மேலே எங்கோ இருக்கும்.

2019-இல் இருந்து விட்டு விட்டு ஃபோனில் பதிவு செய்தேன். பதினோரு பதிவுகள் இருக்கின்றன. முதல் மூன்றும் வீண். "போர் அனுபவம் எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டிருக்கிறேன். "நல்லாருந்துச்சு" என்கிறார். "பயமா இருந்துச்சா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல." அப்புறம் மின்விசிறிச் சத்தம், வெளியே ஆடு கத்துவது, அவ்வளவுதான். மேடைப் பேட்டி மாதிரிக் கேட்டால் மேடைப் பதில்தான் வருகிறது.

நாலாவது தடவை வேறு எதுவும் தோன்றாமல், "காலையில டூட்டிக்கு இறங்கினதும் முதல்ல எதைத் தொடுவீங்க?" என்று கேட்டேன். மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையிலிருந்த காப்பித் தம்ளரை என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நகத்தால் நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

"தொடவெல்லாம் மாட்டேன் தாயி. பாப்பேன். கேஜ் கிளாஸ். தண்ணி இந்தக் கோட்டுல நிக்கணும். கீழ போச்சுன்னா குழாய் வெந்துரும். மேல போச்சுன்னா தண்ணி ஆவியோட சேந்து டர்பைனுக்குள்ள போயிரும். நாலு மணி நேரமும் இதுதான் பொழப்பு. பொண்டாட்டி மொகத்தைவிட அதைத்தான் அதிகம் பாத்திருப்பேன்."

அடுப்படியிலிருந்து ஆச்சி, "அது தெரிஞ்ச கதைதானே" என்றது பதிவில் கேட்கிறது.

வேலையைக் கேளுங்கள். கை எங்கே இருந்தது, கண் எதைப் பார்த்தது, வெக்கைக்கு என்ன குடித்தீர்கள், யார் பக்கத்தில் நின்றார்கள், பேச முடியாத சத்தத்தில் எப்படிப் பேசிக்கொண்டீர்கள். கடைசிக் கேள்விக்குத் தாத்தா வாயே திறக்காமல் கையாலேயே ஐந்து நிமிஷம் பேசிக் காட்டினார். நான் முட்டாள், ஒலி மட்டும் பதிந்துகொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிஷப் பதிவில் ஒன்றுமே இல்லை. ஃபோனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து வீடியோவாகவே எடுத்துவிடுங்கள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள், பாதியில் யாராவது கூப்பிட்டால் பேச்சு போன இடத்துக்குத் திரும்பாது. கொதிகலன் அறையிலும் எஞ்சின் அறையிலும் இருந்தவர்களுக்குக் காது போயிருக்கும். எந்தக் காது தேவலை என்று பார்த்து அந்தப் பக்கம் உட்காருங்கள். தாத்தாவுக்கு வலது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது, அதுவரை அவருக்கு ஞாபக மறதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேரமும் முக்கியம். தாத்தா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். கப்பலில் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஒரு காவல் முறை, நாலிலிருந்து எட்டு வரை அடுத்தது. ஓய்வு பெற்று ஐம்பது வருஷம் ஆகியும் உடம்பு அந்த மணிக்கு எழுந்து, யாரையோ மாற்றிவிடப் போகிற மாதிரி முகம் கழுவித் தயாராக இருக்கும். அவருடைய நல்ல பேச்செல்லாம் நாலரைக்குத்தான். சாயங்காலம் கேட்டால் "நாளைக்குப் பாப்போம்".

குறுக்கே திருத்தாதீர்கள். வருஷம் தப்பாகச் சொல்கிறாரா, சொல்லட்டும். அதற்குக் காகிதம் இருக்கிறது.

1971-ஐ அவர் சொன்ன விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சின்னக் கேள்வியால் என்ன கிடைக்கும் என்பதற்கு என்னிடம் இருக்கிற சாட்சி இது ஒன்றுதான்.

தாத்தா பழைய ஐ.என்.எஸ். விக்ராந்தில் இருந்தார். பிரிட்டனில் பாதி கட்டிப் போட்டிருந்ததை 1957-இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் முடித்து, 1961 மார்ச் 4-ஆம் தேதி படையில் சேர்த்த கப்பல். 1971 போருக்கு முன்னால் அதன் கொதிகலன்களின் தண்ணீர் உருளைகளில் விரிசல் விழுந்திருந்தது. வெல்டிங் வைத்துச் சரிசெய்கிற விரிசல் இல்லை. மாற்று உருளைகள் வந்து சேரவில்லை. போர் வருகிறது. அழுத்தத்தைக் குறைத்து, 400 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் ஓட்டுவது என்று முடிவானது. வேகம் 14 நாட்டாக, அதாவது மணிக்கு 14 கடல்மைலாகச் சுருங்கியது. புத்தகங்களில் இது ஒரு வரி. தாத்தாவுக்கு அது ஒன்பது மாதம்.

"நானூறு. அந்த முள்ளு நானூறத் தாண்டக் கூடாது. எறங்கவும் கூடாது. மேல பிளேன் ஏறணும்னா ஆவி வேணும்."

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து விமானத்தை உந்தி விடுகிற கவண், நீராவியில் இயங்கியது. அந்த நீராவி தாத்தா நின்ற இடத்திலிருந்துதான் போகிறது. டிசம்பர் 4 காலை என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்தப் பாக்க? நாங்க இருக்கது அடியில. ஒரு பிளேன் போச்சுன்னா முள்ளு லேசா எறங்கும். உடனே ஏத்துவோம். மறுபடி எறங்கும். எண்ணிக்கிட்டே இருந்தேன். எட்டு."

"அப்புறம்?"

"போறதுதான முள்ளுல தெரியும். வாரது தெரியாதே. மேலருந்து ஒருத்தன் வந்து சொல்ற வரைக்கும் யாரும் யாரையும் பாக்கல."

பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். அன்று காலை விக்ராந்திலிருந்து, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரைத் தாக்கக் கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் எட்டு. அன்று சாயங்காலம் அங்கேயே சிட்டகாங் துறைமுகம். வானத்தையே பார்க்காமல் ஒரு முள்ளை மட்டும் பார்த்து எண்ணியவருக்கு 48 வருஷம் கழித்தும் எண்ணிக்கை பிசகவில்லை. 'பயமா இருந்துச்சா' என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்றவரும் இவர்தான்.

காகிதங்கள்

தாத்தா போய்விட்டார் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் ஒன்று, முதலில் ஆச்சியின் குடும்ப ஓய்வூதிய வேலையை முடித்துவிடுங்கள். இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம். படையினர் ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணையதள முறையில் நடக்கிறது. புரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். இந்த வேலைக்காக டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதே மற்றதும் வெளியே வரும்.

எங்கள் பெட்டியில் இருந்தவை: டிஸ்சார்ஜ் புத்தகம், நாலு பதக்கங்கள், முப்பது சொச்சம் இன்லேண்ட் கடிதங்கள், பதினேழு புகைப்படங்கள், ஒரு தகர டப்பா, பெல்ஃபாஸ்டில் வாங்கிய, ஒரு கை முழுக்கப் பூச்சி அரித்த கம்பளிச் சட்டை.

லேமினேட் செய்யாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் போட முடிந்தால் போட்டிருப்பேன். பெரிய மாமா அக்கறையாக 2008-இலேயே டிஸ்சார்ஜ் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தார். சூட்டில் பேனா மை பரவி, இரண்டு தேதிகள் பழுப்புக் கறையாகிவிட்டன. ஒட்டின பிளாஸ்டிக் இனி வராது. செல்லோ டேப், ஸ்டேப்ளர், ரப்பர் பேண்டு மூன்றும் அப்படித்தான். காகிதத்தை மடிப்பு நீவி, பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி, காற்றாட ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தால் போதும். அதற்கு முன் ஒவ்வொன்றையும் ஃபோனில் படமெடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம், ஃபோனைக் காகிதத்துக்கு நேர் மேலே சாய்வில்லாமல் பிடித்து.

புகைப்படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். சின்னப் படங்களை 600 டி.பி.ஐ.யில் எடுத்தால்தான் பெரிதாக்கும்போது முகம் நிற்கும். இது என் தொழில், நம்பலாம். ஒட்டாத படங்களின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரை இருக்கும், பென்சிலில் ஊர் பெயர் இருக்கும். முன்பக்கத்தில் சீருடையைப் படியுங்கள். தொப்பிப் பட்டையில் எழுத்து இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் லீடிங் பதவி, குறுக்கே போட்ட இரண்டு நங்கூரம் என்றால் பெட்டி ஆபீசர். தாத்தாவின் கையில் மூன்று இறக்கையோடு ஒன்று இருந்தது. சின்ன வயதில் அதை மின்விசிறி என்று நினைத்து, தாத்தா கப்பலில் எலக்ட்ரீஷியன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். அது ப்ரொப்பெல்லர், எஞ்சின் பிரிவின் அடையாளம்.

பதக்கங்களைத் துலக்காதீர்கள். என் தம்பி ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளப்பாக்கி, எழுத்தின் விளிம்பையும் சேர்த்து மழுக்கிவிட்டான். பதக்கத்தின் முகத்தைவிட அதன் விளிம்பு முக்கியம். பெரும்பாலும் படை எண், பதவி, பெயர் விளிம்பில் பொறித்திருக்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் எழுத்து மேலே வரும். எந்தப் பதக்கம் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பூர்வி ஸ்டார் என்றால் 1971-இல் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. சங்ராம் பதக்கம் அதே போருக்கானது. 1972-இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு ஒரு பதக்கம் உண்டு. தாத்தாவிடம் இருந்த நாலாவது, பொதுச் சேவைப் பதக்கம், நாடாவின் மேல் 'கோவா 1961' என்ற பட்டையோடு. கோவாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்க எனக்குத் தெரியவுமில்லை. அது அப்படியே போயிற்று.

படை எண் கிடைத்துவிட்டால் மாலுமிகளின் பணிப் பதிவு பற்றி மும்பை மான்குர்டில் சீட்டா கேம்ப்பில் இருக்கிற 'ப்யூரோ ஆஃப் செய்லர்ஸ்' அலுவலகத்துக்கு எழுதலாம். எண், முழுப்பெயர், சேர்ந்த வருஷம், உங்கள் உறவு, இறப்புச் சான்றிதழ் நகல். ஆச்சியின் கையெழுத்தோடு போனால் நல்லது. 'எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதாமல், எந்தெந்தக் கப்பல்களில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறிப்பாகக் கேளுங்கள். தளங்களின் பெயருக்கு முன்னாலும் ஐ.என்.எஸ். வரும், அதில் ஏமாறாதீர்கள். ஐ.என்.எஸ். சிவாஜி கப்பலில்லை, லோனாவாலா மலைமேல் இருக்கிற எஞ்சின் பயிற்சிப் பள்ளி. நான் அதைக் கப்பல் என்று நினைத்து அரை நாள் படம் தேடினேன்.

கதையும் காகிதமும் முட்டும்போது

முட்டும். முட்டாவிட்டால் நீங்கள் சரியாகத் தேடவில்லை.

முதல் முட்டல் வயதில். சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1935. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதி. வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். ஆனால் கொள்ளுப்பாட்டி சொல்லிக்கொண்டிருந்தது வேறு: "காந்தி வந்துட்டுப் போனப்ப இவன் தவழ்ந்துக்கிட்டு இருந்தான்." காந்தி ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாடு சுற்றியது 1934 தொடக்கத்தில். அப்படியானால் தாத்தா பிறந்தது 1933 நடுவில். இறந்தபோது தொண்ணூறு முடிந்திருந்தது. ஃப்ளெக்ஸில் போட்ட 89, முடிந்த வயது என்று பார்த்தால் எந்தக் கணக்கிலும் சரியில்லை. காகிதப்படி 88 முடிந்து நடப்பு 89, அவ்வளவுதான். தேதி தெரியாத பெரியவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள். அப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். எங்கள் பக்கம் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை வைத்தே நாலு கல்யாணத்துக்கும் இரண்டு பிரசவத்துக்கும் கணக்குச் சொல்வார்கள்.

நான் இரண்டு பிறந்த வருஷத்தையும் அச்சிட்டேன். 'சான்றிதழ்படி', 'அம்மா சொன்னபடி' என்று.

இரண்டாவது முட்டல் தர்மசங்கடமானது. ஊர் டீக்கடையில் தாத்தாவுக்கு ஒரு புகழ் உண்டு. 'காஜியை மூழ்கடிச்ச கப்பல்ல இருந்தவர்.' காஜி பாகிஸ்தானின் நீர்மூழ்கி. விக்ராந்தைத் தேடி வந்து, 1971 டிசம்பர் 3 இரவு கடந்து 4 விடியுமுன் விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. அந்த நேரத்தில் விக்ராந்த் அங்கே இல்லவே இல்லை. வெகு தூரத்தில் அந்தமான் பக்கம் ஒளித்து வைத்திருந்தார்கள். விசாகப்பட்டினத்தில் விக்ராந்த் மாதிரி நடித்தது ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல். இந்த ஏமாற்று வேலையைத் திட்டமிட்ட கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் நம் நாகர்கோவிலில் பிறந்தவர். பெரிய கப்பல் வந்திருக்கிற மாதிரி ஊருக்குள் மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்கச் சொன்னார். விக்ராந்தில் இருக்கிற ஒரு மாலுமி, அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று விசாரிப்பதுபோல் ஒரு பொய்ச் செய்தியும் ஒட்டுக்கேட்கிறவர்கள் காதில் விழட்டும் என்று போனது.

தாத்தா பொய் சொன்னாரா என்றால், இல்லை. என் பதிவுகளில் எங்கேயும் அவர் காஜியைப் பற்றிப் பெருமை பேசவில்லை. டீக்கடை சொன்னது, அவர் மறுக்கவில்லை. மறுத்தால் நானூறு பி.எஸ்.ஐ.யை அந்த பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கு விளக்குவது? புத்தகத்தில் இரண்டையும் எழுதினேன். டீக்கடைக்காரர் வாங்கிப் படித்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆச்சியிடம் கேளுங்கள்

படைவீரர் கதை எழுதுகிறவர்கள் பெண்களைப் பதவி மாதிரி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், 'அன்னாரது துணைவியார்' என்று. ஆச்சிக்கு 1971-இல் கையில் மூன்று பிள்ளைகள். கடிதங்கள் 'கப்பல் பெயர், மேற்பார்வை ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்' என்ற விலாசத்துக்குப் போகும். ஆள் எங்கே இருக்கிறார் என்று விலாசத்தை வைத்து ஒருபோதும் தெரியாது. அந்த வருஷம் தீபாவளிக்கு அப்புறம் கடிதம் நின்றுவிட்டது. மணியார்டர் மட்டும் வந்தது. பணம் வருகிறது என்றால் ஆள் இருக்கிறார் என்று ஆச்சி ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, தபால்காரரின் சைக்கிள் மணியை வைத்தே மாதத்தை ஓட்டியிருக்கிறார். கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கினால் இந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். எழுதாமல் விட்ட மாதங்களையும் ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள்.

அவர் பேசிய வார்த்தைகளையும் ஆச்சிதான் எடுத்துக் கொடுத்தார். தாத்தாவுக்குக் கடைவீதிக்குப் போவது 'ஆஷோர்'. கழிப்பறை 'ஹெட்ஸ்'. சமையலறையைக் கப்பலில் கேலி என்பார்களாம், அதனால் லீவில் வந்ததும் "கேலியில என்ன வாசம்?" என்று கேட்பார். கல்யாணமான புதிதில் ஆச்சி இதற்கு அழுதிருக்கிறார். பின்னாளில் "உங்களுக்கு எல்லாமே கேலிதான்" என்று பதில் சொல்லப் பழகிவிட்டார். இந்த மாதிரி இருபது வார்த்தை தேறினால் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கள் புத்தகத்தில் எல்லோரும் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இன்னொன்றும் ஆச்சி சொல்லித்தான் பிடிபட்டது. தாத்தா வருஷத்தில் ஒரு நாள் ராத்திரி சாப்பிட மாட்டார். ஏதோ வேண்டுதல் என்று வீட்டில் நினைத்துக்கொண்டோம். ஆச்சி பழைய தினசரிக் காலண்டர் தாள்களில் பால் கணக்கு எழுதுகிறவர். 'அவர் சாப்பிடல' என்று எழுதிய நாலு தாள்கள் கிடைத்தன. நாலும் டிசம்பர் 9. 1971 டிசம்பர் 9 இரவு ஐ.என்.எஸ். குக்ரி நீர்மூழ்கித் தாக்குதலில் அரபிக்கடலில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கப்பலை விட்டு இறங்காமல் அதோடு போன கேப்டன் மகேந்திர நாத் முல்லாவை எல்லோருக்கும் தெரியும். தாத்தாவோடு லோனாவாலாவில் படித்த ஒருவரும் அதில் இருந்திருக்கிறார். சிவாஜி பள்ளியில் எடுத்த குழுப் படத்தின் பின்னால் ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் 'குக்ரி' என்று மட்டும் இருந்தது. இதைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்றும் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் காரணம் சொல்லாமல் செய்கிற பழக்கங்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். அவர்களைக் குடையாதீர்கள்.

எழுதும்போது

இருபது வருஷம் படையில், எழுபது வருஷம் வெளியே. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பதக்கம் கண்ணைப் பறிக்கும், எல்லாப் பக்கத்தையும் அதுவே தின்றுவிடப் பார்க்கும். எங்கள் 24 பக்கத்தில் கப்பலுக்கு எட்டுதான் கொடுத்தேன். 1973-இல் வந்த பிறகு ஒரு பஞ்சாலையில் இருபது வருஷம் கொதிகலன் பார்த்தார். அங்கேயும் கேஜ் கிளாஸ்தான். புகைபோக்கியைத் தெருவிலிருந்து பார்த்தே, கறுப்பாகப் போனால் காற்று பத்தவில்லை, வெள்ளையாகப் போனால் காற்று அதிகம் என்று சொல்வார். எங்கள் வீட்டு அடுப்புச் சுடரையும் விட்டதில்லை. அம்மாவுக்குக் கல்யாணம் பேசியது, மேலத்தெருவோடு எட்டு வருஷம் நடத்திய வரப்புச் சண்டை, ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் தகர டப்பாவில் அடைத்து எடுத்துப் போய்ப் பஞ்சாபிக்காரர்களுக்குப் பழக்கிவிட்டது, எல்லாம் வந்தது. வரப்புச் சண்டையில் தப்பு தாத்தா பேரில்தான். சின்ன மாமா அதை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

'இம்மண்ணுலகை விட்டு', 'இறைவனடி நிழலில்', 'பாசமிகு', 'பண்பின் சிகரம்'. இந்த நாலையும் தட்டச்சு செய்யத் தொடங்கும்போதே கையை எடுத்துவிடுங்கள். தினம் இதையே அடிக்கிறவள் சொல்கிறேன், அந்த இடத்தில் அவர் கடைசியாகத் திட்டின வசவைப் போட்டாலும் நன்றாக இருக்கும்.

அச்சு விஷயம் சுருக்கமாக. எழுத்து 14 பாயின்டுக்குக் குறைய வேண்டாம், படிக்கப் போகிறவர்களுக்கு அறுபது வயதுக்கு மேல். படங்களுக்குக் கீழே இடமிருந்து வலமாகப் பெயர் போடுங்கள், தெரியாதவர்களுக்கு 'தெரியவில்லை' என்றே போடுங்கள், யாராவது பார்த்துச் சொல்வார்கள். கப்பல் படம் வேண்டுமென்றால் எந்தக் கப்பல் என்று ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபாருங்கள். விக்ராந்த் என்று தேடினால் இப்போது புதிய விக்ராந்த்தான் முதலில் வருகிறது. பழையது 1997-இல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, 2014-இல் உடைக்கப்பட்டுவிட்டது. போய்ப் பார்க்கலாம் என்றால் இனி வழியில்லை. விசாகப்பட்டினம் கடற்கரையில் 1971 போர் நினைவுச் சின்னமும், கரையேற்றி வைத்திருக்கிற குர்சுரா நீர்மூழ்கியும் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் உள்ளே எவ்வளவு இடுக்கு என்பதாவது தெரியும்.

புதிய விக்ராந்தைக் கொச்சியில் படையில் சேர்த்த அன்று, 2022 செப்டம்பர் 2, தாத்தா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அது கேஸ் டர்பைனில் ஓடுகிற கப்பல். நான் ஃபோனில் படித்துச் சொன்னேன். "அப்ப பாய்லர் ரூம் கிடையாதா?" என்று இரண்டு தடவை கேட்டார். கிடையாது என்றேன். "அப்ப கீழ எவனும் வேகவேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சேனலை மாற்றச் சொன்னார். புத்தகத்தின் இருபத்தோராம் பக்கத்தில் அது மட்டும்தான் இருக்கிறது.

கடைசி மூன்று பக்கத்தை வெறுமையாக விட்டேன், திருத்தம் எழுத. நீங்களும் விடுங்கள். 150 பிரதி போட்டோம், திதியன்று வந்தவர்களிடம் பேனாவையும் சேர்த்துக் கொடுத்தேன். டெல்லியில் இருக்கிற பெரியப்பா மகன் குழுப் படத்தில் இரண்டு பேரைக் கண்டுபிடித்தான். ஆச்சிக்குக் கண் தெரியாது, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். 1971 பகுதி முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தீபாவளிக்கு அப்புறம்னு போட்டிருக்க. அதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. தீபாவளிக்குச் சேலை எடுக்கச் சொல்லிக் கடுதாசி வரும், அந்த வருசம் வரல. எழுது."

எழுதினேன்.